மேஸ்திரி கேட்ட வாட்டம்

மௌனகுரு சாமிக்குப் பெயர்தான் மௌனகுரு. பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட சின்ன மடம் அவருடையது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள் என்பதால், பெண்களை எல்லாம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்குச் சாயங்காலம் சண்முகவடிவு வந்தாள். டவுனில் தையல்கடை வைத்திருப்பவள். புருஷன் இல்லாதவள். கோபக்காரி. வந்த வேகத்தில், சாமி நீட்டிய மோர் டம்ளரைக் கை தட்டிவிட்டது. மோர் தரையில் கொட்டி, கொட்டின இடத்திலேயே நின்றது.

"எவன் சாமி இந்தத் தரையைப் போட்டது? தண்ணி ஓட வாட்டமே விடல. கொட்டுனது கொட்டுன எடத்துல நிக்கி!"

சாமி ஒரு துணியை எடுத்துத் துடைத்தார்.

"இங்க வந்தா கண்ணை மூடி உக்காரணும்க்கா. நீங்க தரையைப் பாக்குறீங்க."

"எல்லாம் எங்கப்பா குடுத்த புத்தி."

அப்பா என்று சொன்னதுதான் தாமதம், அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

அவள் அப்பா பேச்சிமுத்து மேஸ்திரி. அந்த ஊரில் பாதி வீடு அவர் கட்டினது. வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் கொத்துக்கரண்டியை மட்டும் விடவில்லை. அவர் செத்துப் போயிருந்தார்; மறுநாள் பதினாறாம் நாள் காரியம். மூத்த மகள்தான் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று தம்பிகள் இருவரும் அவளைக் கேட்காமலே முடிவு பண்ணிவிட்டார்கள்.

"என்னத்தப் பேச? போஸ்டர்ல போட்டிருக்கானுக, குடும்பமே கோயிலா வாழ்ந்தவராம். கோயிலு!"

"இல்லையா?"

"வீட்ட விட்டா வேலை, வேலைய விட்டா வீடு. சாயாக் கடைக்குக்கூடப் போனதில்ல. அது நெசம். ஆனா என் வீட்டுக்கு வந்தா, வாங்கப்பான்னு நான் கூப்பிடுதேன், மூஞ்சியப் பாக்க மாட்டாரு. நேரா பாத்ரூமுக்குப் போயி ஒரு வாளித் தண்ணிய ஊத்துவாரு. குத்தவச்சு, அது எங்க ஓடுதுன்னு பாப்பாரு. பெறகுதான் காப்பி."

"சரி."

"என்ன சரி? சின்னவன் பால் காய்ச்சுன அன்னைக்குச் சனமெல்லாம் பந்தியில சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. இவரு உளியும் சுத்தியலுமா உள்ள போயி, போட்ட டைல்ஸப் பேத்துட்டாரு. வாட்டம் பத்தலையாம். தம்பி பொண்டாட்டி புதுச் சேலையோட நின்னு அழுதா."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முறைத்ததைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"சிரிங்க. எங்க மூணு பேரு வீட்டையும் அவருதான் நின்னு கட்டுனாரு, இல்லங்கல. அதுக்காக? நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாரா? நாளைக்கு எந்திரிச்சு நின்னு, பாசமான அப்பான்னு பொய் சொல்ல எனக்கு வராது. மெய்யச் சொன்னா தம்பிமாருக்குக் கேவலம். நான் என்ன பண்ண?"

சாமி காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். அவள் விடுகிறவளாக இல்லை.

"எங்க வீட்டுக்காரரு போயி ஒரு வாரம் இருக்கும். நான் சோறு தண்ணி இல்லாம சுருண்டு கெடக்கேன். பொறவாசல்ல டொக்கு டொக்குன்னு சத்தம். என்னன்னு பாத்தா, எங்கப்பா பாத்ரூம் தரையக் கொத்திக்கிட்டு இருக்காரு! எழவு வீட்டுல! தண்ணி தேங்குதாம். நான் தனியா இருக்கையில வழுக்கி விழுந்திருவேனாம்."

"விழுந்தீங்களா?"

"அதான் சரி பண்ணிட்டாருல்ல, எப்படி விழுவேன்?" என்று எரிந்து விழுந்தாள்.

இந்த அக்காவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சாமிக்கே சலித்துவிட்டது. துணியைப் பிழிந்து, மறுபடியும் அதே இடத்தைத் துடைத்தார்.

"அதோட விட்டாரா? மறுநாள்லேருந்து தெனம் காலையில போன். சரியா நான் கடையத் தொறக்குற நேரம். ஒரே கேள்வி. 'வடிவு, வாட்டம் ஒண்ணும் இல்லையே?'"

"நீங்க என்ன சொல்வீங்க?"

"என்னத்தச் சொல்ல? தண்ணி நல்லா ஓடுதுப்பா, போன வைங்கம்பேன்."

"அவர்?"

"'சரி தாயி'ம்பாரு. மறுநாளும் அதே கேள்வி. ஆசுபத்திரியில கடைசியா, மூக்குல மாட்டியிருந்தத வெலக்கிட்டு அதைத்தான் கேட்டாரு சாமி. பாத்ரூமப் பத்தி இப்ப என்னப்பான்னு கத்திட்டேன். சிரிச்சாரு. அம்புட்டுதான்."

சாமியின் கை நின்றது. துணியை ஓரமாக வைத்துவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, தரையில வாட்டம் இருக்கணுமா, இருக்கக் கூடாதா?"

"இதென்ன கேள்வி? இருக்கணும். இல்லன்னா தண்ணி தேங்கிரும்லா."

"மேஸ்திரிக்கு அது தெரியுமா?"

"அவருக்குத் தெரியாமயா? ஆயுசு பூரா அதைத்தான பாத்தாரு."

"அப்ப, வாட்டம் இருக்கான்னுதான கேக்கணும்? வாட்டம் ஒண்ணும் இல்லையேன்னு எதுக்குக் கேட்டாரு?"

வடிவு பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்பா கேட்ட அந்த மூன்று வார்த்தைக்கும் உதடு மட்டும் ஒருமுறை அசைந்தது. கை தானாக எழுந்து, வாடிக் கிடந்த கன்னத்தைத் தொட்டது. அப்பா போன நாளிலிருந்து ஆத்திரமாகவே திரிந்தவள், அன்றைக்குத்தான் அழுதாள்.

வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்தி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் என்ன சாமி பேச?"

"ஒண்ணும் பேச வேண்டாம்க்கா. அவர் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. அதைச் சொல்லிட்டு உக்காருங்க."