மிஞ்சிய பன்னிரண்டு பெயர்

தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் காலை எட்டு மணிக்குப் போனில் கூப்பிடும் சேவை அது. கம்ப்யூட்டரே கூப்பிடும். ஒன்றாம் எண்ணை அமுக்கினால் ஆள் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

மறுநாள் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று டேட்டாபேஸில் பதியும் புரோகிராமைத் தனிஸ்லாஸ் எழுதியிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த முத்தழகிக்கு முப்பதுதான்.

ஒவ்வொரு பெயராகப் பதிந்தால் நேரமாகும். அதனால் ஐம்பது பெயர் சேர்ந்ததும் ஒரேயடியாகப் பதியும்படி செய்திருந்தார் தனிஸ்லாஸ். அதில் ஒரு பெருமை வேறு அவருக்கு.

வியாழக்கிழமை முத்தழகி அவரைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாள்.

"பட்டியல்ல இருநூத்திப் பன்னெண்டு பேர் அண்ணாச்சி. டேட்டாபேஸ்ல இருநூறுதான் இருக்கு."

பார்த்தார். கடைசியில் மிஞ்சிய பன்னிரண்டு பேர் ஐம்பது ஆகவே இல்லை. ஆகாததால் பதியவும் இல்லை. புரோகிராம் ஓடத் தொடங்கிய திங்கள்கிழமையிலிருந்து இதே கதைதான்.

"எத்தனை பேர் வருவாங்கன்னு முன்கூட்டியே தெரியாதே மேடம். ஒருத்தர் மிஞ்சினாக்கூட அவருக்குன்னு தனியா ஒரு தடவை பதியணுமா?"

முத்தழகி மேஜைமேலிருந்த போனை எடுத்தாள். பட்டியலில் கடைசியாக இருந்த எண்ணைப் போட்டு, போனைத் தனிஸ்லாஸ் கையில் கொடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தாயிற்று.

"வெள்ளைச்சாமி பேசுதேன்."

"ஐயா, காலையில போன் வருமில்ல, அந்த ஆபீஸ்லேருந்து..."

"தம்பி, நான் ஏதும் தப்பா அமுக்கிட்டனா? கண்ணு சரியாத் தெரியல. அதான் மூணு நாளா கூப்பிடாம விட்டுட்டியளோன்னு நெனச்சேன். இனிமே ஒழுங்கா அமுக்குதேன்."



"தப்பு என்னோடது ஐயா."

"அப்படியா," என்றார் வெள்ளைச்சாமி. போனை வைக்கவில்லை. "சாப்பிட்டியளா தம்பி?" என்றார்.

மற்ற பதினோரு பேரையும் தனிஸ்லாஸே கூப்பிட்டுப் பேசினார். பிறகு உட்கார்ந்து புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தார். பட்டியல் முடிந்ததும், கையில் எத்தனை பெயர் இருந்தாலும் பதி.

"முதல்ல இதை எத்தனை பேரை வச்சு சோதிச்சீங்க?" என்று கேட்டாள் முத்தழகி.

"நூறு பேரை வச்சு. எல்லாம் சரியா வந்துச்சு மேடம்."

"நூறுன்னா ரெண்டு ஐம்பது. வரத்தான் செய்யும்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. "இப்போ எத்தனை பேரை வச்சுப் பாக்கட்டும்? ஐந்நூறா, ஆயிரமா?"

"வெள்ளைச்சாமி ஒருத்தரை மட்டும் வச்சுப் பாருங்க அண்ணாச்சி."