மதகை மூடிய நடைப்பிணம்

வெகுகாலத்துக்கு முன்னால் பனிமலை அடிவாரத்தை உக்கிரசேனர் என்று ஒரு ராஜா ஆண்டார். புலி வேட்டைக்குத் தனியாகப் போவார். பேய்க்கதை கேட்டாலோ போர்வைக்குள் புகுந்துகொள்வார். அப்பேர்ப்பட்ட வீரர்!

ஒருநாள் ஆஸ்தான பண்டிதர் ஏகாம்பரநாதர் ஒரு கதை சொன்னார். செத்த பிறகும் எழுந்து ஆளைக் கடிக்கிற நடைப்பிணம் ஒன்று, மலையேரியில் விழுந்து பனியில் உறைந்துவிட்டதாம்.

"கோடையில் பனி உருகுமே, அப்புறம்?" என்றார் ராஜா.

"எழுந்துவிடும் மகாராஜா! தண்ணீரோடு நேரே இங்கேதான் வரும்."

அவ்வளவுதான், ஏரி மதகை மூடச் சொல்லிவிட்டார் ராஜா. ஊர் வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

வெள்ளரி பயிரிடும் வேலம்மை சபைக்கு வந்தாள். "இன்னும் மூன்று நாள் போனால் என் கொடியெல்லாம் கருகிடும் சாமி. அந்தப் பிணம் எழாதுன்னு நான் காட்டுறேன்."

ஒரு வெள்ளரிக்காரி தன் கதையை மறுப்பதா? பண்டிதருக்கு வயிறு எரிந்தது. "காட்டாவிட்டால் உன் நிலம் பறிபோகும்!" என்றார். ராஜாவும் தலையாட்டினார்.

வேலம்மை மடியிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்தாள். மலைப்பனியில் புதைத்து அப்போதுதான் கொண்டுவந்தது. தூணில் தட்டினாள்; ணங்கென்றது. அதை வெயிலில் வைத்தாள். சற்று நேரத்தில் காய் தண்ணீர் விட்டுத் துவண்டு கொழகொழத்தது.

"ஐயா, இதை நிமிர்த்தி நிறுத்துங்க பார்ப்போம். உள்ளே இருக்கிற தண்ணி உறைஞ்சா சதையைக் கிழிச்சுடும். அப்புறம் எந்தக் காலால நடக்கிறது?"

பண்டிதர் விடுவாரா? "அது மந்திரப் பிணம்! பனி அதை ஒன்றும் செய்யாது!"

"பனி ஒண்ணும் செய்யாதுன்னா அது ஏன் உறைஞ்சுது? விழுந்த அன்னைக்கே எழுந்து வந்திருக்கணுமே!"

பண்டிதர் அவசரமாக ஏட்டைப் புரட்டினார்.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பண்டிதரே, நீரே போய் மதகைத் திறந்துவிட்டு வாரும்!"

"நா... நானா? வேறு யாரையாவது..." பண்டிதர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். பாவம், சொன்ன கதையை அவரே நம்பிவிட்டார்! சபை சிரிப்பில் குலுங்கியது.

"உனக்கு என்ன பரிசு வேண்டும் தாயே?" என்று வேலம்மையைக் கேட்டார் ராஜா.

"மதகுச் சாவி இனிமே ஊர்க்காரங்ககிட்ட இருக்கட்டும் மகாராஜா. பேய்க்கதையை நீங்களே வச்சுக்குங்க."