அடுப்புக்கு ஒரு ஜன்னல்

“கீங், கீங், கீங்!”

புதுமனை புகுவிழாவில் பால் பொங்குமுன் இண்டக்‌ஷன் அடுப்பு மறுபடியும் அணைந்துவிட்டது.

“கீழே ஓவன் கொதிக்குது சார். நடுவுல காத்துக்கு வழியே இல்ல,” என்றான் அதைப் பொருத்திய செங்கோடன்.

சமையலறை டிசைனர் தீனதயாளன் எகிறினார். “என் டிராயிங்ல ஒரு நூல் மாறக்கூடாது. சரிபண்ணு, இல்லேன்னா மூட்டையைக் கட்டு!”

“ஆகட்டும் சார். டிராயிங்ல ஜன்னலும் மூடித்தான் இருக்கு.” செங்கோடன் ஜன்னலைச் சாத்தினான். “ஓவன் பக்கத்துலயே நின்னு பாத்துக்குங்க.”

ஐந்தே நிமிடம்! கோட்டெல்லாம் வியர்வையில் நனைய, தீனதயாளனே பாய்ந்து ஜன்னலைத் திறந்தார்.

“என்ன சார், நீங்களே டிராயிங்கை மாத்திட்டீங்க?”

வீட்டுக்கார அம்மாள் குலுங்கிச் சிரித்தார். “தம்பி, அந்த அடுப்புக்கும் ஒரு ஜன்னல் வைப்பா!”

செங்கோடன் ஓவனை அணைத்து, அடுப்புக்குக் கீழிருந்த முன்பலகையில் காற்றுவழி அறுத்தான். நல்ல நேரத்துக்குள் பால் பொங்கி வழிந்தது. ஆரவாரத்துக்கு நடுவே செங்கோடன் மரத்தூளைக் கூட்டத் தொடங்கினான்.