அத்தை கட்டாத தொட்டில்

இக்கதையை நான் கேட்டது 1983ஆம் ஆண்டு ஐப்பசியில், கடையநல்லூரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நண்பகலில். சொன்னவர் திரவியம், வயது அறுபத்தெட்டு, ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டவள் அவர் தம்பியின் பேத்தி சண்முகக்கனி, வயது ஆறு. காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள். பகலில் தூங்கவே மாட்டேன் என்று கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தாள். திரவியம் இதைத் தமக்குப் பத்து வயதிருக்கும்போது சின்னம்மாவிடம் கேட்டதாகச் சொன்னார். அது 1925ஐ ஒட்டிய காலமாகும். ஒலிநாடாவில் உள்ளபடியே எழுதுகிறேன். குழந்தை இட்ட ‘ம்’களையும் நீக்கவில்லை, அவை நின்றால் கதையும் நின்றுவிடும்.

*

ஒரு ஊர்ல ஒரு அத்தை இருந்தா. பேரு குருவம்மா.

“ம்.”

அந்தக் குருவம்மாவுக்கு ஒரே தம்பி, செல்லையா. அவங்க அம்மாக்காரி பெத்தது அஞ்சு பிள்ளை. தங்குனது இந்த ரெண்டும்தான். அவ என்ன செய்வான்னா, ஒவ்வொரு பிள்ளையும் போட்டுக் கழிச்ச முதல் சட்டை இருக்குல்லா, அதை வெட்டி ஒரு கிளி தைப்பா. இலவம்பஞ்சு அடைச்சு, வயித்துக்குள்ள ரெண்டு குண்டுமணி போட்டு, கருப்பு நூல்ல கண்ணு வச்சு. அஞ்சு பிள்ளைக்கு அஞ்சு கிளி. தொட்டில் கம்புல வரிசையாத் தொங்கும். ஆட்டுனா கிலுகிலு, கிலுகிலுன்னு சத்தம்.

“செத்துப்போன பிள்ளைக்கும் கிளி இருக்குமா தாத்தா?”

இருக்கும் தாயி. கிளி எங்க போகும்? அப்புறம் ஒருநாள் அந்த அம்மாக்காரியும் போய்ச் சேந்தா. அம்மா சாமான் மகளுக்குன்னு வழக்கம். அதனால தொட்டில் கம்பு, அஞ்சு கிளி, அம்மா கட்டிக் கட்டி நைஞ்ச ஒரு சேலை, இந்த மூணும் குருவம்மா டிரங்குப் பெட்டிக்கு வந்துட்டு. டங்குன்னு மூடி வச்சா.

“ம்.”

குருவம்மா புருசன், அந்த மாமா, சோடாக்கடை வச்சிருந்தாரு. கல்யாணமாகிப் பதினாலு வருசம். பிள்ளை இல்ல. வருசா வருசம் தை மாசம் பெட்டியைத் தொறப்பா, கிளிகளை வெயில்ல வைப்பா, வேப்பிலையை மாத்துவா, மூடுவா. “யாருக்குடி இதெல்லாம்?”ன்னு மாமா கேப்பாரு. “தம்பிக்கு ஒரு பிள்ளை பொறக்காமயா போகும்?”ம்பா.

அப்போ அதே மாதிரி, செல்லையாவுக்குக் கல்யாணமாகி, பூரணம்னு ஒருத்தி வந்து, ஒரு ஆம்பளப் பிள்ளையும் பொறந்தது. முப்பத்தொண்ணாம் நாளு பிள்ளையத் தொட்டில்ல போடணும். யாரு போடணும்?

“அத்தை.”

ஆங். அப்பன்கூடப் பொறந்த அத்தைதான் தொட்டில் கட்டணும், பிள்ளையக் கெடத்தணும், காதுல பேரைச் சொல்லணும். அத்தைக்கு உள்ள உரிமை அது. குருவம்மாவுக்குக் கால் தரையில நிக்கல. கம்புக்கு எண்ணெய் பூசுனா. கிளியெல்லாம் ஒதறுனா. சேலையைத் துவைச்சு நெழல்ல காயப்போட்டா.

அப்போ செல்லையா வீட்டுக்கு எதுத்தாப்ல பெருமாத்தான்னு ஒரு கெழவி. அவ சொன்னா, “பிள்ளை பெறாத கையில்லா அது? அதை வச்சா தொட்டில் கட்டப் போறிய?”

பூரணத்தோட அம்மா, “எனக்கு ஒண்ணும் இல்ல. ஊரு சொல்லும்”ன்னா.

செல்லையா சுவரைப் பாத்தான்.

பூரணம் உள்ள படுத்திருந்தா. எல்லாம் காதுல விழுந்துச்சு. புதுப்பொண்ணு, பயம், வாயைத் தொறக்கல.

“ம்.”

முப்பத்தொண்ணாம் நாளு குருவம்மா பெரிய துணிப்பையை இடுப்புல இடுக்கிக்கிட்டு வாரா. வாசல்ல காலை வைக்கா. உள்ள கேக்கு... கிரீச், கிரீச், கிரீச்.

தொட்டில் ஆடுது. பூரணத்துக்கு ஒண்ணுவிட்ட அக்கா, நாலு பிள்ளை பெத்தவ, அவ கட்டி, கெடத்தி, பேரும் சொல்லியாச்சு. புதுக் கயிறு, புதுக் கம்பு, கஞ்சி போகாத மொடமொடன்னு புதுச் சேலை.

“வாங்க, நல்ல நேரம் முடியப் போகுதுன்னு...”ன்னு இழுத்தா பூரணத்தோட அம்மா.

“ஆமா, நேரம் நிக்காதுல்லா”ன்னா குருவம்மா. காப்பி குடுத்தாங்க, குடிச்சா. பிள்ளை கையில வெள்ளிக் காப்புப் போட்டா. கெளம்பிட்டா. அது என்ன பைன்னு அந்த வீட்டுல ஒருத்தரும் கேக்கல.

(இங்கே குழந்தை ‘ம்’ சொல்லவில்லை. விழித்துத்தான் இருந்தாள். சற்றுப் பொறுத்து, “அத்தை அழுதாளா?” என்றாள். “வீட்டுல வந்து வெங்காயம் உரிச்சா” என்றார் திரவியம்.)

அப்புறம் என்னாச்சு, அந்தப் பிள்ளை தூங்க மாட்டேங்கான். தொட்டில்ல போட்டா வீல். தூக்குனா வீல். பால் குடிக்க மாட்டேங்கான். ஒரு நாள் ஆச்சு, ரெண்டு நாள் ஆச்சு, மூணு நாள் ஆச்சு. பிள்ளை வாடுது, கொரலு கம்முது. வைத்தியர் வந்து பாத்தாரு, “வயித்துல ஒண்ணும் இல்ல, காதுல ஒண்ணும் இல்ல, தூக்கம் இல்லாட்டா பிள்ளை தாங்காது”ன்னுட்டுப் போனாரு.

அப்போ பெருமாத்தாக் கெழவி வந்தா. “உங்க வீட்டுப் பிள்ளைய எல்லாம் அந்தப் பழைய கம்புல ஆடித்தான் தூங்கும். அதைக் கொண்டாங்க”ன்னா. கை ஆகாதுன்னு சொன்ன அதே வாயி.

மொதல்ல செல்லையா போனான். மாமா சோடா ஒடைச்சுக் குடுத்தாரு, டப்.

“அக்கா, அம்மா கம்பு இருக்கா?”

“இருக்கு.”

“அதைத் தாயேன்.”

குருவம்மா அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னா. “வேற?”

“வேற ஒண்ணும் இல்லக்கா. கம்பு போதும்.”

பெட்டியத் தொறந்தா. கிளியெல்லாம் அவுத்து வச்சுட்டு, கம்பை மட்டும் குடுத்தா. “கம்புதானே கேட்ட. கொண்டு போ.”

கொண்டு போனான், கட்டுனாங்க, ஆட்டுனாங்க, கிரீச், கிரீச். பிள்ளை?

“வீல்.”

வீல். அப்புறம் ரெண்டாவதா பூரணத்தோட அம்மா போனா. வெத்தலைப் பாக்கு, பழம் எல்லாம் கொண்டு போனா. ஊர்க்கதை, ஒறவுக்கதை எல்லாம் பேசுனா. கடைசியில, “அந்தத் துணிக்கிளி அஞ்சும் வேணும்”ன்னா.

“வேற?”

“வேற என்னம்மா, உன் புண்ணியத்துல எல்லாம் இருக்கு.”

“கிளிதானே கேட்டிய. இந்தாங்க.”

கொண்டு போனா, தொங்கவிட்டா, ஆட்டுனா, கிலுகிலு, கிலுகிலு. பிள்ளை?

“வீல்.”

மூணாவதா பூரணமே வந்தா. கண்ணெல்லாம் குழிஞ்சு, தலை சீவாம. “மதினி, உங்க அம்மா சேலை இருக்காமே”ன்னா. குருவம்மா சேலையையும் எடுத்துக் குடுத்தா. “வேற?”ன்னு இந்தத் தடவை கேக்கல. மூணு தடவையா கேப்பா ஒருத்தி?

“ம்.”

பூரணம் கொண்டு போனா. பழைய கம்பு, பழைய கிளி, பழைய சேலை. எல்லாம் வந்தாச்சு, எல்லாம் கட்டியாச்சு. பிள்ளைய உள்ள விட்டா. அது அழுறதுக்கும் தெம்பு இல்லாம, ஞீ, ஞீன்னு முனகுது. கண்ணு மட்டும் மூடல.

பூரணம் அப்படியே நின்னு தொட்டிலைப் பாத்தா. யாரு கட்டுன முடிச்சு இது? தன்னைப் பெத்தவ கட்டுன முடிச்சு. மதினி வீட்டுப் பெட்டியில இருந்த அத்தனையும் வாங்கியாச்சு. அந்த மனுசியை ஒரு வார்த்தை கூப்பிடல.

விறுவிறுன்னு முடிச்சை அவுத்தா. “எங்கடி போற, பச்சப்பிள்ளையோட?”ன்னு அம்மா கத்துதா. “எங்க போவணுமோ அங்க”ன்னுட்டு, சேலையையும் கிளியையும் மடிச்சுக் கம்போட சுத்தி ஒரு கக்கத்துல, பிள்ளை ஒரு தோள்ல. உச்சி வெயில். தெருவே நின்னு வேடிக்கை பாக்கு.

குருவம்மா வாசல்ல இருந்தா. “என்ன பூரணம், சேலை சரியில்லையா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு மதினி. கட்டுனதுதான் நாங்க. நீங்க கட்டுங்க.”

“என் கையிலயா?”

“உங்க கையிலதான்.”

“ஊரு சொல்லுமே?”

“ஊரா முழிச்சுக் கெடக்கு? நான்லா முழிச்சுக் கெடக்கேன்.” அப்புறம் கொரலு ஒடைஞ்சு சொன்னா, “அன்னைக்கே சொல்லியிருக்கணும் மதினி. உள்ள படுத்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பேசாம இருந்துட்டேன்.”

குருவம்மா எந்திரிச்சு வழி விட்டா. “வெயில்ல நிக்காத, பிள்ளைக்கு ஆகாது”ன்னா.

அவ வீட்டு நடு உத்தரத்துல ஒரு இரும்புக் கொக்கி. கல்யாணமான வருசம் மாமா ஆசையா அடிச்சது. பதினாலு வருசமா அதுல வெங்காயக் கூடை தொங்குது. குருவம்மா முக்காலியப் போட்டு ஏறுனா. கூடையை எறக்குனா. சருகு பொல பொலன்னு கொட்டுச்சு, தொடச்சா. கையைக் கழுவுனா. அம்மா சேலையை ரெண்டா மடிச்சு, கொக்கியில மாட்டி, இழுத்து, ஒரு முடிச்சு. தொங்கிப் பாத்தா. ரெண்டாம் முடிச்சு. கம்பைக் குறுக்க மாட்டி, கிளி அஞ்சையும் தொங்கவிட்டா. வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாதுன்னு ஒரு கையால புடிச்சுக்கிட்டே மறுகையால பிள்ளைய வாங்குனா. கெடத்துனா. குனிஞ்சு காதுல பேரைச் சொன்னா. மறுபடி சொன்னா. மூணாந்தடவையும் சொன்னா.

“என்ன பேரு தாத்தா?”

அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. கிலுகிலு... கிலுகிலு... பிள்ளை கிளியப் பாக்கு. அத்தை மூஞ்சியப் பாக்கு. ஒரு கொட்டாவி விட்டுது, இம்புட்டு வாய்க்கு அம்புட்டுக் கொட்டாவி. தூங்கிட்டு.

பூரணம் சுவர்ல சாஞ்சா, அவளும் தூங்கிட்டா. சாயங்காலம் செல்லையா தேடி வந்தான். “அக்கா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டா?”ன்னான்.

“சத்தம் போடாத”ன்னா குருவம்மா, தொட்டில்ல இருந்து கையை எடுக்காம. “எம் மருமகன் முழிக்கட்டும். அது வரைக்கும் நீ வெளிய போயி சோடா குடி.”

பெறவு அந்தப் பிள்ளை நல்லாக் குடிச்சு, நல்லா வளந்தது... ஏட்டி கனி?

...

அவ்வளவுதான். தொட்டில் நின்னுட்டு, கதையும் நின்னுட்டு. கண்ணு மூடுனவளுக்குச் சுகம், மூடாதவளுக்கு மருந்து.

*

வேறுபாடுகள்: புளியங்குடியிலும் வாசுதேவநல்லூரிலும் நான் பதிந்த இரு வடிவங்களிலும் அத்தையின் கணவர் செக்கு ஆட்டுபவர், கிளிகள் ஏழு. புளியங்குடி வடிவத்தில் அத்தையே தம்பி வீட்டுக்குப் போய், ஊர் கூடிப் பார்க்கத் தொட்டில் கட்டுகிறாள். பெருமாத்தாவை அவளே கயிறு பிடிக்க வைக்கிறாள். வாசுதேவநல்லூரில் சொன்னவர் குழந்தையைக் கம்பும் கிளியும் தொங்கவிடாமல், அத்தையின் மடியிலேயே உறங்க வைத்துவிட்டார். தொட்டில் கட்டப்படுவதே இல்லை.

நான்காவது வடிவம் அதே நாடாவில், திரவியம் கதையை முடித்த பின் இருக்கிறது. அடுப்படியிலிருந்து பேசியவர் அவர் மனைவி வேலம்மாள். இவ்விருவருக்கும் மக்கள் இல்லை. “இவுக எப்பவும் இப்படித்தான் முடிப்பாக,” என்றார். “அவ கட்டியிருக்க மாட்டா. கம்பு, கிளி, சேலை மூணையும் வாங்கிப் பெட்டியில வச்சிருப்பா. அந்தப் பூரணத்துக்கு மோர் குடுத்து, வெயில் தாழப் போம்மான்னு அனுப்பியிருப்பா. முப்பத்தொண்ணாம் நாளு கூப்பிடாதவங்களுக்கு முப்பத்தஞ்சாம் நாளு எதுக்கு முக்காலி ஏறணும்?”

திரவியம் மறுக்கவில்லை. அந்த முடிவை யாரிடம் கேட்டீர்கள் என்று வேலம்மாளிடம் வினவினேன், அவர் அடுப்பை ஊதினார். அப்படியானால் அந்தக் குழந்தை உறங்கியதா என்று கேட்டேன்.

“பிள்ளைக்கு என்ன,” என்றார், “அது என்னைக்கானாலும் தூங்கிரும்.”