கோபுரத்துக் குழாயில் நான்கு முட்டைகள்

அல்லிக்குளக் காட்டின் ஓரத்தில் ஒரு மைனாவும் அவள் புருஷனும் இலுப்பை மரப் பொந்தில் குடியிருந்தார்கள். பேரம் பேசுவதில் அந்த மைனாவை அடிக்க ஆளில்லை. ஒரு புழுவைக் கொடுத்தால் இரண்டு அத்திப்பழம் வாங்காமல் நகரமாட்டாள்.

முட்டையிடும் பருவம் வந்தது. அந்தச் சமயம் பார்த்து மனிதர்கள் குளக்கரையில் ஒரு செல்போன் கோபுரத்தை நட்டார்கள். அதன் உச்சியில் ஒரு குழாய் இருந்தது. பாம்பு ஏறாது. குரங்கின் கை எட்டாது. மைனாவுக்கு அதன்மேல் கண் விழுந்தது.

பொந்து கிடைக்காமல் அலைந்த கிளி ஒன்று பறந்து வந்தது.

"அக்கா, நீங்க மேலே போறதா இருந்தா இந்தப் பொந்தை எனக்குத் தாங்களேன்!"

"சும்மாவா? உன் கொய்யா மரத்துல பாதி எனக்கு!"

"பாதியா! ஒரு கிளை தர்றேன் அக்கா."

"கிளையை நீயே வெச்சுக்க! பாதி. இல்லேன்னா நடையைக் கட்டு!"

கிளி தலையாட்டியது.

பேரம் படிந்த பிறகுதான் பக்கத்துக் கிளையில் இருந்த காகம் ஒன்று வாயைத் திறந்தது. "அந்தக் கோபுரத்துல ஏதோ கதிர்வீச்சு இருக்காம். உடம்புக்கு ஆகாதுன்னு சிலர் சொல்றாங்க. ஒண்ணும் செய்யாதுன்னு சிலர் சொல்றாங்க. மனுஷங்களே இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"கதிரா? எங்கே, என் கண்ணுல காட்டு பார்ப்போம்!" என்று சீறினாள் மைனா. "மனுஷன் அந்தப் போனை நாள் முழுக்கக் காதுல ஒட்டிக்கிட்டுத்தானே திரியறான்? செத்தா போயிட்டான்?"

புருஷன் மெல்லச் சொன்னான்: "ஏம்மா, இந்தத் தடவை முட்டையை இங்கேயே இடு. குழாயில முதல்ல நாம இருந்து பார்ப்போம். நல்லா இருந்தா அடுத்த தடவை அங்கே போகலாம்."

"படிஞ்ச பேரத்தை மாத்தச் சொல்றீங்களா? நாளைக்கு என் பேச்சை எவன் மதிப்பான்?"

அவன் குழாய்க்குச் சுள்ளி சுமக்கத் தொடங்கினான்.

குழாயில் நான்கு நீல முட்டைகள். இருவரும் மாறி மாறி அடைகாத்தார்கள். பொரிக்கவேண்டிய நாள் வந்தது, போனது. மைனா ஒவ்வொரு முட்டையிலும் காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. கீழே இலுப்பைப் பொந்தில் கிளிக்குஞ்சுகள் இரைக்குக் கத்தின.

ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை.

மைனா காகத்தை மடக்கினாள். "அந்தக் கதிர்தானே? சொல்லு!"

"தெரியலைம்மா. கதிரா இருக்கலாம். வெயில்ல இரும்பு காய்ஞ்ச சூடா இருக்கலாம். சும்மாவே கூமுட்டையா இருந்திருக்கலாம்."

"யாருக்குத்தான் தெரியும்?"

"இப்போதைக்கு யாருக்கும் தெரியாது."

அந்தப் பதில்தான் அவளை அறுத்தது. கதிர்தான் என்றால் கோபுரத்தைத் திட்டித் தீர்த்திருப்பாள். இல்லை என்றால் விதி என்று அழுது முடித்திருப்பாள். இப்போது திட்டவும் முடியவில்லை, அழுது முடிக்கவும் முடியவில்லை.

கிளி ஒரு பழுத்த கொய்யாவோடு வந்தது. "அக்கா, உங்க பங்கு."

"வேண்டாம், உன் பிள்ளைங்களுக்குக் கொடு!"

கிளி போன பிறகு புருஷன் சொன்னான்: "அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்," என்றாள் மைனா. அவள் குரல் உயரவே இல்லை.

கெடுதலா இல்லையா என்று யாருக்குமே தெரியாத ஒன்றில் துணிந்து இறங்குவதானால் உன் உடம்போடு நிறுத்திக்கொள், பிள்ளைகளை அதில் வைத்துப் பார்க்காதே.