எந்த வீடு, எந்தப் பக்கம்

"சாமி, நம்ம ஆளை நாமளே கொன்னுட்டோம்."

கணவாய் நாட்டுத் தளபதி கொற்றன் செருப்பைக்கூடக் கழற்றாமல் குடிசை வாசலில் நின்று இதைச் சொன்னார். அறுபது வயது. மலை ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது.

உள்ளே கீரன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கொற்றனைவிட இருபது வயது இளையவர். ஆறு வருடம் முன்புவரை அவருடைய படையில் வில் பிடித்தவர்தான். ஒரு நாள் வில்லைத் தரையில் வைத்துவிட்டு மலையேறித் துறவியாகிவிட்டார். அன்று கொற்றன் திட்டிய திட்டு ஊரெல்லாம் கேட்டது. இன்று அதே வாயால் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டியிருக்கிறது.

"யாரை?"

"கிணத்து வீட்டுக் கோதையை. ஆடு மேய்க்கப் போனவ, மூணு மாசம் கழிச்சு மலையிலேர்ந்து இறங்கி வந்தா. காவல் வாசல்ல நின்ன பையன் எய்துட்டான்."

"எந்தப் பையன்?"

கொற்றன் இப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

"என் மகன்."

கீரன் முறத்தைத் தள்ளி வைத்தார்.

கணவாய் நாடு உள்ளங்கை அகலம்தான். வடக்கே ஒரு பேரரசு, தெற்கே ஒரு பேரரசு, நடுவில் இரண்டு மலைக்கு இடையே ஒரு வழி. அந்த வழியும் அதன் ஓரத்து வீடுகளும்தான் நாடு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் காவல்காரன், வருகிறவரைப் பார்த்து "எந்த வீடு?" என்றுதான் கேட்பான். கிணத்து வீடு, பலா வீடு, மேட்டு வீடு என்று பதில் வரும். அவ்வளவுதான் காவல்.

கோதை ஆடு மேய்க்கப் போன பிறகு, படைக்குப் புது வில் கொடுக்க வந்த வடக்குத் தூதர் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இது காவலா, இல்லை சம்பந்தம் பேசுகிறீர்களா?"

வில்லோடு கேள்வியும் மாறியது. "எந்தப் பக்கம்?" வடக்கு என்று சொன்னால் விடலாம். அடுத்த மாதம் தெற்கு குதிரை கொடுத்தது. பதில் தெற்கு என்று ஆனது. ராஜாவும் பாவம், எந்தத் தூதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குத் தலையாட்டுவார். ஒவ்வொரு முறை மாறும்போதும் அரண்மனையில் கொம்பு ஊதுவார்கள். பிறகு புதுப் பதில் எழுதிய ஓலை காவல் வாசலுக்குப் போகும். இந்த மாதம் மட்டும் ஏழு தடவை மாறிவிட்டது.

"கோதை என்ன சொன்னா?"

"எந்தப் பக்கம்னு கேட்டிருக்கான். கிணத்து வீட்டுப் பக்கம்னு சொல்லியிருக்கா."

கீரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க மகனுக்கு அவளைத் தெரியாதா?"

"அவ கை மோரைக் குடிச்சு வளர்ந்தவன் சாமி! மூணு நாளா சோத்துல கை வைக்கலை. நிக்கச் சொன்ன இடத்துல நிக்கிறான். பேச்சே இல்லை. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

தளபதி உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம்.

"வடக்கு கொடுத்த வில்லைத் தெற்கே திருப்பணுமாம். தெற்கு கொடுத்த குதிரையை வடக்கே பார்த்துக் கட்டணுமாம். நமக்குன்னு ஒரு எதிரிகூட இல்லை சாமி. இருக்கிற ரெண்டும் இரவல்."

"நான் என்ன செய்யணும்?"

"சாயங்காலம் ராஜா என்கிட்ட யோசனை கேக்கப் போறார். ஒரே பக்கமா நின்னுடலாம்னு சொல்லப் போறேன். பதில் ஒண்ணாவே இருந்தா என் மகன் இன்னொருத்தரைக் கொல்ல வேண்டியிருக்காது. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

"வடக்கோட நின்னா?"

"தெற்கு வரும்."

"தெற்கோட நின்னா?"

"வடக்கு வரும்."

"ரெண்டும் வராம இருக்கணும்னா?"

"அதுக்குத்தானே இத்தனை நாளா மாத்தி மாத்தித் தலையாட்டினோம்!"

கீரன் எழுந்து மாடத்திலிருந்து ஒரு பையை எடுத்தார்.

"கஞ்சிக்கு உப்பு இல்லை. கீழே போய் வாங்கணும். துணைக்கு வாங்க."

"நான் நாட்டைப் பத்திக் கேக்கிறேன், நீங்க உப்பைப் பத்திப் பேசறீங்களே!"

"காவல் வாசல்ல கேட்டா சரியான பதில் கிடைக்கும். வாங்க."

பாதி வழியில் கொம்புச் சத்தம் கேட்டது. கொற்றன் அப்படியே நின்றுவிட்டார்.

"மாத்திட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டாங்க."

"எதுவா மாத்தினாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் இங்கே இருக்கேனே. சாமி, திரும்பிடலாம்."

"தளபதியே கூட வர்றார். என் நாட்டுல உப்பு வாங்க நான் எதுக்குப் பயப்படணும்?" கீரன் நடந்துகொண்டே இருந்தார்.

கொற்றனுக்கு அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. பின்னாலேயே போனார். உச்சி வெயில். காவல் வாசலில் நின்ற மகன் ஆதனின் முகம் தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

வாசலுக்கு மேலே, காவலைக் கண்காணிக்கப் போட்ட இரண்டு ஆசனங்கள். ஒன்றில் வடக்கு அதிகாரி, இன்னொன்றில் தெற்கு அதிகாரி. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆதனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதன் வில்லை உயர்த்தினான்.

"எந்தப் பக்கம்?"

"டேய், நான்டா. அப்பா."

"எந்தப் பக்கம்?" வில் இறங்கவில்லை.

கொற்றன் கீரனைப் பார்த்தார். கீரன் உப்புப் பையைப் பிடித்தபடி சும்மா நின்றார்.

"வடக்கா தெற்கா, நீயே சொல்லுடா. அதையே நானும் சொல்றேன்."

"ஓலை இன்னும் வரலைப்பா. எனக்கே தெரியாது."

"அப்ப வர்ற வரைக்கும் இப்படியே நிக்கிறோம்."

"நிக்கவும் கூடாதுப்பா. கொம்பு ஊதினதுக்கும் ஓலை வர்றதுக்கும் நடுவுல யார் வந்தாலும், என்ன சொன்னாலும் எய்யணும்னு உத்தரவு."

"அப்படி ஒரு உத்தரவை எந்த மடையன்டா போட்டான்?"

ஆதன் அழுதுகொண்டே நாணை இழுத்தான்.

"கோதையைப் புதைச்ச அன்னிக்கு, படிச்சுக்கூடப் பார்க்காம முத்திரை வச்சு நீங்க போட்டதுதாம்பா."