பூசையில் வைத்த பத்துக்கணை வில்

சிவந்திக்கோட்டை ராஜா சொக்கலிங்க பூபதிக்கு அன்று அரியணையில் இருப்புக்கொள்ளவில்லை. ஆயுத பூசை நாள். வேலும் வாளும் சந்தனம் பூசிக்கொண்டு பூசையில் இருந்ததால் சபைக் காவலர்கள்கூட வெறுங்கையோடு நின்றார்கள். இன்றைக்கே வழக்கை விசாரித்தாக வேண்டும் என்று தளவாய் நரசப்பர் ஒற்றைக்காலில் நின்று சாதித்துவிட்டார்.

வழக்கு பத்துக்கணை வில்லைப் பற்றியது. அதில் பத்து அம்பு அடுக்கிவிட்டால் போதும். விசையை இழுக்க இழுக்க ஒவ்வோர் அம்பாய்ப் பாயும். நடுவில் நாணேற்ற வேண்டியதில்லை. செய்து விற்பது தளவாயின் பட்டறை. போன மாசியில் கிழக்குச் சீமைச் சந்தையில், சேவற்கட்டில் தோற்ற ஒருவன் அந்த வில்லைத் தூக்கினான். அவனைப் பிடித்து அமுக்குவதற்குள் ஒன்பது பேர் செத்து விழுந்தார்கள். மறுநாளே சீமைத் தலைவர் மாடப்பர், அந்த வில் தன் எல்லைக்குள் கூடாது, வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்.

விழுந்தவர்களில் ஒருத்தி மோர்க்காரி கன்னியம்மாள். சபை விகடன் அய்யாக்குட்டி சந்தைக்குப் போனால் அவள் கை மோரைக் குடிக்காமல் திரும்பியதில்லை. தளவாயைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஆத்திரம் வந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு, பிழைப்பு அப்படி.

தளவாய் ராஜாவின் பாட்டனார் வெட்டிய செப்பேட்டை நீட்டினார். குடிகள் பூசையில் வைத்த ஆயுதத்தை அரசு பறித்தால், அன்றே அரசன் அரியணையை விட்டு இறங்க வேண்டும் என்றது அது. பாட்டனார் காலத்தில் இந்த வில்லே கிடையாதே என்றார் மாடப்பர். செப்பேடு எந்த ஆயுதத்துக்கும் பெயர் சொல்லவில்லையே என்றார் தளவாய். இன்று காலை கிழக்குச் சீமையில் நானூறு வீட்டில் இந்த வில்தான் பூசையில் இருக்கிறது என்றும் சொன்னார். தினைக்கொல்லைக்காரர் ஒருவரும் எழுந்து, பன்றிக்கூட்டம் இறங்கினால் ஒற்றை அம்பு எந்த மூலைக்கு என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது.

சந்தையைக் கைவிட ராஜாவுக்கு மனமில்லை. அரியணையை இழக்க அதைக்காட்டிலும் மனமில்லை. அய்யாக்குட்டியைப் பார்த்தார்.

அவன் தளவாய்க்கு ஒரு கும்பிடு போட்டான். "ஐயா சொல்றதுதான் சரி. ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு விஜயதசமி, பூசை முடிஞ்சிடும். அப்புறம் அது வெறும் வில்லுதானே? மாடப்பர் வந்து அள்ளிக்கிட்டுப் போகலாமா?"

தளவாய்க்குச் சுருக்கென்றது. இப்படி ஓர் ஓட்டை இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அடைக்க அவசரப்பட்டார்.

"பூசை எங்கே முடியுது? ஒருதரம் வெச்ச ஆயுதம் என்னைக்கும் பூசையில இருக்கிறதாத்தான் அர்த்தம்."

"சபையறியச் சொல்றீங்களா?"

"விளக்கறியவே சொல்றேன்."

அய்யாக்குட்டி கண்ணைக் காட்டினான். ராஜாவும் அவனை நம்பி, அதுவே தீர்ப்பு என்று சொல்லிவிட்டார். தளவாய் மீசையை முறுக்கினார்.

அய்யாக்குட்டி நேரே வாசல் காவலனிடம் போனான். "உன் வேல் எங்கேப்பா?"

"பூசையில இருக்கு சாமி."

"கொஞ்சம் எடுத்துக்கிட்டு வாயேன்."

காவலன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அபசாரம் சாமி. பூசை முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

அய்யாக்குட்டி திரும்பினான். "நானூறு வில்லையும் அரசர் தொட மாட்டார். வீட்டுக்காரரும் தொடக்கூடாது. பொட்டு வெச்சு, பொரி படைச்சு, கொள்ளுப்பேரன் காலம் வரைக்கும் கும்பிடட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. பூசை நாளையோடு முடிகிறதுதான் என்று தளவாய் குழறினார். முடிகிறது என்றால் வில்லையெல்லாம் அள்ள வண்டி கட்டச் சொல்லட்டுமா என்று மாடப்பர் எழுந்தார். முடியவில்லை, முடியவில்லை என்று தளவாய் கையை ஆட்டினார்.

தினை அறுவடை ஆகும்வரை தளவாயே ஆட்களோடு பூசையில் வைக்காத பழைய ஒற்றைக்கணை வில்லை எடுத்துப்போய்ப் பன்றி விரட்ட வேண்டும், காவலர்களுக்குப் புது வேலும் அவர் பட்டறையே அடித்துத் தர வேண்டும் என்று ராஜா உத்தரவிட்டார். பிறகு அய்யாக்குட்டியிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. காலையில என் எழுத்தாணியைப் பூசையில வெச்சுட்டுத்தான் வந்தேன். தீர்ப்புப்படி இனி ஆயுசுக்கும் அதைத் தொட முடியாது. சம்பளத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"எழுத்தாணி பூசையிலேயே இருக்கட்டும். வாயை வைக்கலையே? அது நாளைக்கு வேலைக்கு வந்துடணும்."